சிறிய எஞ்சினும் சிறிது எண்ணெயும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

உழவுக்கு மாடும், இறைப்புக்குக் கவலையும் இருந்த காலம் போய், இன்று சிற்றூர்களிலும் இயந்திரங்களின் ஒலி கேட்காத நாளே இல்லை எனலாம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரியவை. அவற்றைப் பேணுவதற்கு ஓட்டுநரும் பட்டறையும் உண்டு. ஆனால் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், வரப்பிலும் தோப்பிலும் புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் ஆகிய சிறிய கருவிகளை யார் பேணுகிறார்கள்? வேண்டும்போது எடுக்கிறோம், வேலை முடிந்ததும் மூலையில் போடுகிறோம். அடுத்த பருவத்தில் எடுத்துக் கயிற்றை இழுத்தால் அது அசையாது. “மிஷின் சரியில்லை” என்கிறோம். உண்மையில் சரியில்லாதது மிஷின் அன்று. நாம் அதை வைத்த முறையே.

இக்கருவிகளில் பலவற்றை இயக்குவது ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படும் இரண்டு வீச்சு எஞ்சின். அதன் அமைப்பையும், அதைப் பேணும் முறையையும், வேலையில்லாத மாதங்களில் பாதுகாத்து வைக்கும் வகையையும் இக்கட்டுரையில் காண்போம். இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். சம்பாப் பயிரில் புகையான் விழுந்திருந்தது. புகையான் என்பது நெற்பயிரின் தூரில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. விட்டுவிட்டால் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தது போல் காய்ந்து, அவ்வட்டம் நாளுக்கு நாள் பெருகும். என் அண்ணன் ஒரு பவர் ஸ்பிரேயர் வைத்துக்கொண்டு, ஒரு டாங்குக்கு இவ்வளவு எனக் கூலி பேசி ஊரார் வயல்களுக்கு மருந்தடித்து வருபவர். அன்று பெரியப்பா முறையுள்ள ஒருவருடைய வயலில் வேலை.

“தம்பி, கேன்ல பெட்ரோல் இருக்கு, டாங்கில ஊத்திக் கொண்டா” என்றார் அண்ணன். கொல்லையில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் இருந்தது மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்த வெறும் பெட்ரோல். மற்றொன்றில் இருந்தது எண்ணெய் கலந்த பெட்ரோல். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கைக்கு முதலில் கிடைத்ததை ஊற்றிக் கொடுத்தேன்.

ஏறத்தாழ இருபது நிமிடம் எஞ்சின் ஓடியது. பிறகு ஒலி மாறிக் கீச்சிட்டது, சட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கமெல்லாம் நகத்தால் கீறியது போல் கோடுகள். “ஆயில் கலந்தீங்களா?” என்று மெக்கானிக் கேட்டபோதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் யாவும் மாற்ற வேண்டியதாயிற்று. உதிரிப் பாகம் நகரத்திலிருந்து வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் பெரியப்பாவின் வயலில் காய்ந்த வட்டங்கள் ஒன்றோடொன்று கூடிவிட்டன. வேறு ஆளும் மிஷினும் அந்த வாரத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் முழுவதும் புகையான் அல்லவா!

பெரியப்பா அண்ணனைக் கடிந்துகொண்டார். அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பின் அம்மாவிடம், “அவனுக்கு நான் சொல்லிக் குடுக்கல. தப்பு என்னோடதுதான்” என்றார். அன்று அவர் கடிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. இயற்பியல் படிக்கும் நான், என் வீட்டு எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று அறியாமல் இருந்தேனே என்று வெட்கப்பட்டேன். அதன் பின் அறிந்துகொண்டவையே கீழே வருபவை.

இரண்டு வீச்சு என்றால் என்ன?

பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்வதை ஒரு வீச்சு என்கிறோம். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உள்ள நான்கு வீச்சு எஞ்சினில், உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கும் நான்கு தனி வீச்சுகளில் நடைபெறுகின்றன. அதாவது, கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு முறை எரிதல் நிகழும். இரண்டு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிதல் உண்டு.

இவ்வகை எஞ்சினுக்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டூகால்ட் கிளார்க். அவர் 1881இல் காப்புரிமை பெற்றார். ஆனால் இன்று நம் கருவிகளில் உள்ள எளிய வடிவத்துக்கு அடிகோலியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவரே. கிராங்க் பெட்டியையே ஒரு காற்றுப் பம்பாகப் பயன்படுத்தும் அவருடைய அமைப்பு 1891இல் காப்புரிமை பெற்றது.

அது இயங்கும் முறை இதுதான்: பிஸ்டன் மேலே செல்லும்போது, மேற்புறத்தில் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் பெட்டியில், அழுத்தம் குறைவதால் புதிய கலவை கார்ப்பரேட்டர் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பிளக்கில் பொறி தோன்றி மேலுள்ள கலவை எரிகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. கீழே வரும்போது சிலிண்டர் சுவரிலுள்ள புகைத் துளையை முதலில் திறக்கிறது, புகை வெளியேறுகிறது. அடுத்து மாற்றுத் துளை திறக்கிறது. கிராங்க் பெட்டியில் அழுத்தப்பட்ட புதிய கலவை மேலேறி, மிஞ்சிய புகையைத் தள்ளிக்கொண்டு அதன் இடத்தில் நிற்கிறது. வால்வு இல்லை, அதை அசைக்கும் கேம் தண்டு இல்லை. பிஸ்டனே வால்வாகவும் பணியாற்றுகிறது. இதனால்தான் இவ்வெஞ்சின் எடை குறைந்ததாகவும், முதுகில் சுமக்கத் தக்கதாகவும், சாய்த்துப் பிடித்தாலும் ஓடக்கூடியதாகவும் உள்ளது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினின் அடிப்பெட்டியில் எண்ணெய் தேங்கியிருந்து பாகங்களுக்கு வழவழப்பு அளிக்கிறது. இரண்டு வீச்சு எஞ்சினிலோ அடிப்பெட்டி வழியாகவே பெட்ரோல் கலவை செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. ஆகவே எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து அனுப்புகிறோம். அக்கலவை கடந்து செல்லும் வழியில் கிராங்க் பேரிங், பிஸ்டன் ஊசி, ரிங், சிலிண்டர் சுவர் ஆகிய எல்லாவற்றின் மீதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் விநாடிக்கு 100 முறை எரிதல் நிகழ்கிறது. அந்த வெப்பத்தில், எண்ணெய்ப் படலம் இல்லாமற் போனால், அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரைக் காட்டிலும் அதிகமாகச் சூடேறி விரிந்து, சுவரோடு உராய்ந்து பற்றிக்கொள்ளும். எங்கள் எஞ்சினுக்கு நேர்ந்தது இதுவே.

முன்பு இவ்வறிவு நம் மக்களிடையே பொதுச் சொத்தாக இருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், பழைய ஸ்கூட்டர்களும் இரண்டு வீச்சு எஞ்சின் கொண்டவை. பெட்ரோல் பங்க்குக்குச் சென்றால், “ஆயில் போட்டு ஒரு லிட்டர்” என்று கேட்பது எல்லாருக்கும் பழக்கம். இப்போது மொபெட்டும் நான்கு வீச்சுக்கு மாறிவிட்டது. எனவே எண்ணெய் கலக்கும் வழக்கத்தை என் வயதினர் பார்த்ததே இல்லை. ஆனால் மருந்தடிக்கும் மிஷினும் புல் வெட்டும் மிஷினும் பல இடங்களில் இன்னும் பழைய எஞ்சினுடனேயே ஓடுகின்றன. அறிவு போய்விட்டது, தேவை போகவில்லை.

கலவை செய்யும் முறை

எவ்வளவு எண்ணெய் கலப்பது என்பதை எஞ்சினுடன் தரப்படும் கையேடு சொல்லும். பெரும்பாலும் எரிபொருள் டாங்கின் மூடியிலோ பக்கத்திலோ 25:1, 40:1, 50:1 என்று விகிதம் பொறிக்கப்பட்டிருக்கும். கணக்கு எளிது. ஒரு லிட்டர் என்பது 1000 மில்லிலிட்டர். அதை விகித எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டருக்குரிய எண்ணெய் கிடைக்கும். 25:1 என்றால் 40 மி.லி.; 40:1 என்றால் 25 மி.லி.; 50:1 என்றால் 20 மி.லி. ‘ஒரு மூடி எண்ணெய்’, ‘கண் மதிப்புக்கு ஒரு மடக்கு’ என்று ஊற்றுவது தவறு. மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளை ஒன்றோ, ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சு ஒன்றோ போதும்.

கலக்க வேண்டியது 2டி ஆயில் எனப்படும், காற்றால் குளிரும் இரண்டு வீச்சு எஞ்சினுக்குரிய எண்ணெயையே. டப்பாவின் மீது டி.சி. என்றோ, ஜாசோ எஃப்.சி., எஃப்.டி. என்றோ தரக்குறி இருக்கும். நான்கு வீச்சு எஞ்சின் ஆயில் இதற்கு உதவாது. அது எரிவதற்கென ஆக்கப்பட்டதன்று, சாம்பலும் கரியும் படியும். படகு மோட்டாருக்கான எண்ணெயும் வேண்டாம். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு உரியது.

முதலில் கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளந்த எண்ணெயைச் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்க வேண்டும். ஒவ்வொரு முறை டாங்கில் ஊற்றும் முன்னும் ஒரு குலுக்கு அவசியம். மிஷின் டாங்கிலேயே பெட்ரோலையும் எண்ணெயையும் தனித்தனியே ஊற்றுவோர் உண்டு. எண்ணெய் அடியில் தங்கி முதலில் அதுவே உறிஞ்சப்படும். பிளக் நனைந்து எஞ்சின் நிற்கும். பிறகு எண்ணெய் குறைந்த பெட்ரோல் வரும். இரண்டும் கேடு.

“எண்ணெய் கூடினால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். அன்று. மிஞ்சிய எண்ணெய் முழுதும் எரியாமல் பிளக்கிலும், பிஸ்டன் தலையிலும், புகைத் துளையிலும் கரியாகப் படியும். துளை சுருங்கினால் புகை வெளியேறாது, எஞ்சின் வலுவிழக்கும். குறைந்தால் உடனே சாவு, கூடினால் நாட்பட்ட நோய் என்று கொள்ளலாம்.

கலந்த கேனுக்கு அடையாளம் இடுவது இன்றியமையாதது. எங்கள் வீட்டில் இப்போது கலந்த கேனைச் சுற்றிச் சிவப்பு வண்ணத்தில் பட்டை தீட்டி, கலந்த தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுகிறோம். இச்சிறு செயலுக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

பெட்ரோலும் பழையதாகும்

பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் இலேசான பொருள்களே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுகின்றன. மூடி சரியாக இல்லாத கேனிலும், மிஷின் டாங்கிலும் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலிலிருந்து அவை முதலில் பறந்துவிடும். எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிப் பிசினாக மாறும். மயிரிழை போன்ற கார்ப்பரேட்டர் துளைகளை அப்பிசின் அடைத்துவிடும். ஆறு மாதம் கழித்து எடுத்த மிஷின் கிளம்பாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்போது மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஈரம் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனிப் படலமாக நிற்கும். நாம் கலந்த எண்ணெயோ மேலுள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். டாங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு முதலில் கிடைப்பது எண்ணெயற்ற அந்த அடிப்படலமே. எண்ணெய் கலந்தும் கலக்காத நிலை! மேலும், பழைய மிஷின்களின் ரப்பர்க் குழாய்களையும், கார்ப்பரேட்டரிலுள்ள மெல்லிய தகட்டையும் எத்தனால் ஊறச் செய்தோ விறைக்கச் செய்தோ கெடுக்கும்.

வேதியியல் ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், நெருப்பு அருகில் இல்லாமல், இதை எளிதில் கண்கூடாகக் காணலாம். 100 மி.லி. அளவு உருளையில் 90 மி.லி. பெட்ரோலை எடுத்து 10 மி.லி. நீரைச் சேர்த்து மூடிக் குலுக்கிச் சற்று நேரம் நிறுத்தினால், கீழ்ப்படலம் 10 மி.லி.யாக இராது, அதனினும் மிகுந்து நிற்கும். மிகுந்த அளவு பெரும்பாலும் பெட்ரோலிலிருந்து நீரிடம் வந்து சேர்ந்த எத்தனாலே.

ஆகவே விதி இது: ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலக்க வேண்டும், கேனை முடிந்தவரை நிரப்பி இறுக மூடி நிழலில் வைக்க வேண்டும், நாட்பட்ட கலவையை மிஷினில் ஊற்றக் கூடாது. அதை மண்ணிலோ கால்வாயிலோ கொட்டுவதும் தகாது.

வேலைக்காலப் பராமரிப்பு

1. காற்று வடிகட்டி: வயல் தூசியில் மணல் உண்டு. அது சிலிண்டருக்குள் சென்றால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். எனவே வடிகட்டி இல்லாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. அதே வடிகட்டி அடைபட்டால் காற்றுக் குறைந்து, பெட்ரோல் மிகுந்து, புகை கக்கும்; வலுவும் குறையும். தூசி மிகுந்த வேலை என்றால் நாள்தோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். நுரைப் பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, பிழிந்து முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் முற்றும் உலர்த்திப் பொருத்தலாம். தாள் வடிகட்டியை நனைக்காமல் தட்டித் தூசி போக்க வேண்டும். கிழிந்தால் புதிது வாங்க வேண்டும்.

2. பிளக்: மருத்துவர் நாக்கைப் பார்ப்பது போல மெக்கானிக் பிளக்கைப் பார்ப்பார். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது வடிகட்டி அடைப்பு. வெளுத்துச் சுட்டது போல் இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். கலவை மெலிந்திருக்கலாம், எங்கேனும் காற்றுக் கசியலாம். அந்நிலையில் மேலும் ஓட்டக் கூடாது. பித்தளைத் தூரிகையால் துடைத்து, முனைகளின் இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி வைக்க வேண்டும். பல சிறு எஞ்சின்களுக்கு இது 0.5 முதல் 0.7 மி.மீ. வரை. திரும்பப் பொருத்தும்போது முதலில் கையாலேயே முடுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். இல்லையெனில் அலுமினியத் தலையின் மரை கெடும்.

3. குளிர்விக்கும் இதழ்கள்: சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய இதழ்கள் வெப்பத்தைக் காற்றுக்கு விடுவதற்காக உள்ளவை. புல் வெட்டும் மிஷினில் புல் தூளும் எண்ணெயும் கலந்து இவற்றிடையே அப்பிவிடும். அடைபட்டால், சரியான கலவை ஊற்றியிருந்தும் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். குச்சியாலும் தூரிகையாலும் அடிக்கடி நீக்க வேண்டும்.

4. சைலென்சர்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் கழற்றிக் கரி நீக்க வேண்டும். புகைத் துளையைச் சுரண்டும்போது பிஸ்டன் துளையை மூடி நிற்கும்படி வைத்து, மரச் சீவலால் மட்டும் சுரண்ட வேண்டும். இரும்புக் கருவி பிஸ்டனைக் கீறும்.

5. அவ்வக் கருவிக்குரியவை: புல் வெட்டும் மிஷினின் கோல் முனையிலுள்ள பற்சக்கரப் பெட்டிக்கு ஏறத்தாழ 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் வேண்டும். மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலிக்குத் தனி எண்ணெய் டாங்கு உண்டு. பெட்ரோல் நிரப்பும் போதெல்லாம் அதையும் நிரப்ப வேண்டும். பவர் ஸ்பிரேயரில் வேலை முடிந்ததும் மருந்து டாங்கைத் தூய நீரால் இருமுறை அலசி, அந்நீரையும் அதே வயலிலேயே தெளித்துவிட வேண்டும். குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுவது பாவம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

ஓய்வுக்கு வைக்கும் முறை

ஒரு மாதத்துக்கு மேல் வேலை இராது எனத் தெரிந்தால் கீழ்க்கண்டவாறு செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேர வேலைதான்.

முதலில் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பின், டாங்கிலுள்ள கலவையை வேறு கேனுக்கு வடித்துவிட வேண்டும். அடுத்து எஞ்சினைக் கிளப்பிக் குறைந்த வேகத்தில் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். இதனால் கார்ப்பரேட்டருக்குள் எஞ்சியதும் தீர்ந்துவிடும். பிசின் படியாது, தகடுகள் ஒட்டிக்கொள்ளா.

ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. அளவு, 2டி ஆயிலை ஊற்ற வேண்டும். சுவிட்சை நிறுத்தி வைத்து, கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் எண்ணெய் சிலிண்டர் சுவரெங்கும் பரவும். முகத்தைத் துளைக்கு நேரே வைக்க வேண்டாம், எண்ணெய் தெறிக்கும். பிறகு பிளக்கை மாட்டி, கயிற்றை மெதுவாக இழுத்து, கைக்குக் கனமாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது பிஸ்டன் மேலேறித் துளைகளை மூடியிருக்கும். ஈரக் காற்று சிலிண்டருக்குள் புகுவது குறையும்.

வெளிப்புறத்தைத் துடைத்து, இரும்புப் பாகங்களிலும் கத்தியிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுக்க வேண்டும். மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலியையும் பட்டையையும் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது நன்று.

வைக்கும் இடமும் முக்கியம். தரையில் வைத்தால் ஈரம் ஏறும். பலகை மேல் வைக்கலாம், அல்லது கொக்கியில் தொங்கவிடலாம். யூரியா, பொட்டாஷ் போன்ற உர மூட்டைகளின் பக்கத்தில் வைக்கவே கூடாது. உரம் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். எங்கள் பக்கத்தில் இத்தவறு மிகுதி, ஏனெனில் உரமும் மிஷினும் ஒரே கொட்டகையில்தான் இருக்கும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். பழைய வேட்டி போதும். குளவிக்குச் சைலென்சர் துளை மிக விருப்பமான வீடு. மண் வைத்து அடைத்துவிடும். காற்றுத் துளையையும் புகைத் துளையையும் துணித்திரியால் அடைத்து, அதன் முனையை வெளியே நன்கு தெரியும்படி தொங்கவிட வேண்டும். எடுக்கும்போது மறவாமல் நீக்க வேண்டும் அல்லவா?

மீண்டும் எடுக்கும்போது

துணித்திரிகளை நீக்கி, எரிபொருள் குழாய் விறைத்து வெடித்திருக்கிறதா என வளைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, புதிய கலவை ஊற்றி, சோக்கைப் போட்டு இழுக்கலாம். கயிற்றை முதலில் மெதுவாகப் பிடிப்பு வரும் வரை இழுத்து, அதன்பின் விரைந்து இழுக்க வேண்டும். இழுத்ததும் கைவிட்டால் கயிறு அறைந்து சுருளும். கையோடு திரும்ப விட வேண்டும். முதல் சில நிமிடம் வெண்புகை வரும். அது நாம் ஊற்றிய எண்ணெய் எரிவதே, அஞ்ச வேண்டியதில்லை.

பலமுறை இழுத்தும் கிளம்பாமல் பெட்ரோல் நெடி மிகுந்தால், எஞ்சின் ‘குடித்துவிட்டது’ என்பர். பிளக்கைக் கழற்றி உலர்த்தி, சோக்கை எடுத்துவிட்டு, மிஷினைத் துளை கீழ்நோக்கும்படி சாய்த்து, சுவிட்சை நிறுத்திய நிலையில் சில முறை இழுத்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். தரையில் வழிந்ததைத் துடைத்து, அது ஆவியாகும் வரை பொறுத்து, பிளக்கை மாட்டிப் பின் கிளப்ப வேண்டும்.

உயிருக்குப் பாதுகாப்பு

எஞ்சினைக் காப்பதினும் ஆளைக் காப்பது முதன்மையானது. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசிலும் பற்றக்கூடிய ஆவியை விடுவது. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஓடிச் சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். நிரப்பிய இடத்திலேயே கிளப்பாமல் சில அடி தள்ளிச் சென்று கிளப்ப வேண்டும்.

விற்பனைக்கன்றித் தம் தேவைக்கு 30 லிட்டருக்கு மேற்படாத பெட்ரோலை உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இறுக மூடிய தக்க கலத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாதது. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்தால் என்னாவது?

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு நிறையும். ஒலியோ 100 டெசிபெல் அளவை எட்டும். நாள் முழுவதும் காதருகே இவ்வொலி இருந்தால் செவித்திறன் குன்றும். என் அண்ணன் முன்பெல்லாம் பஞ்சுகூட வைத்ததில்லை. இன்று மாலையில் அவரிடம் பேச வேண்டுமானால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. காதடைப்பான் இப்போது வாங்கிக் கொடுத்திருக்கிறோம். போன செவி திரும்பாது, இருப்பதையேனும் காக்கலாம்.

முடிவுரை

இரண்டு வீச்சு எஞ்சினுக்குக் குறைகளும் உண்டு. புகைத் துளையும் மாற்றுத் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், ஊற்றும் எரிபொருளில் கணிசமான பங்கு எரியாமலே வெளியேறுகிறது. புகையும் மிகுதி. இக்காரணத்தால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024ஆம் ஆண்டு முதல் இத்தகைய புதிய சிறு எஞ்சின்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தியுள்ளது. நம் கடைகளிலும் நான்கு வீச்சு எஞ்சின்களும் பாட்டரியால் இயங்கும் கருவிகளும் வந்துவிட்டன. நாளடைவில் அவையே நிலைக்கலாம். ஆனால் கையிலிருக்கும் மிஷினை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் நிலையில் எல்லாரும் இல்லை. நன்கு பேணப்பட்ட எஞ்சின் குறைவாகப் புகைக்கும், குறைவாகக் குடிக்கும், நெடுநாள் உழைக்கும். அதுவரைக்கும் அதுவே நம்மால் இயன்ற தொண்டு.

நம் கல்லூரியின் பொருள் அறையிலும் ஒரு புல் வெட்டும் மிஷின் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட நாளில் அதைக் கிளப்ப நாங்கள் அரை நாள் கயிறு இழுத்துத் தோற்றுப் பின் அரிவாளால் புல் அறுத்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். அதன் டாங்கில் இருந்தது எப்போதோ ஊற்றிய பெட்ரோல்! ஆசிரியர்கள் இசைந்தால், ஆண்டு விடுமுறைக்கு முன் ஒரு பிற்பகல் அதை வெளியே எடுத்து, மேற்கூறிய முறைப்படி வடித்துத் துடைத்து எண்ணெயிட்டு வைக்க இயற்பியல் மாணவர்கள் சிலர் அணியமாக இருக்கிறோம். அடுத்த ஆண்டு வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அதையே கற்பித்தும் செல்வோம்.

சொல்லிக் கொடுக்காதது தன் தவறு என்றார் என் அண்ணன். அத்தவறு என்னால் தொடர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.